மூன்றில் ஒரு பங்கு

பிச்சைமுத்து கைத்தடியைச் செருப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டு டாக்டர்கள் முன்னால் போய் நின்றிருக்கிறார். இதைக் கேட்டதும் ஷர்மினிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"தடி இல்லாம எப்படிண்ணே நடந்தீங்க?"

"செவுத்தப் பிடிச்சுக்கிட்டுத்தான். பெரிய டாக்டருங்க மூணு பேரு உக்காந்திருக்காங்க. செருப்பும் தடியுமா உள்ள போனா நல்லாவா இருக்கும்?"

"அப்புறம்?"

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க. நல்லா இருக்கேன் டாக்டர்னு சொன்னேன்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி இருளாயி, "வெள்ளச் சட்டைய நாந்தாம்மா அயர்ன் போட்டுக் குடுத்தேன்," என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள்.

ஷர்மினி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஈப்போவில் வழக்கறிஞர் ஜெயபாலனின் அலுவலகத்தில் அவள் கிளார்க். உடம்பு முடியாமல் போன தொழிலாளிகளுக்கு தொழிலாளர் காப்புநிதியான சொக்சோவில் 'இலாட்' என்கிற உடற்குறைப் பென்ஷன் வாங்கிக் கொடுக்கும் கேஸ்களை எல்லாம் அவள்தான் தயார் செய்வாள். பிச்சைமுத்து கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் பாதி செத்துப்போய்விட்டது. அப்படிப்பட்ட மனுசன் வெள்ளைச் சட்டை போட்டு, நிமிர்ந்து நின்று, நல்லா இருக்கேன் என்று சொன்னால் டாக்டர்கள் என்னதான் செய்வார்கள்? நல்லா இருக்கிறார் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"நல்லா இருக்கேன்னு ஏண்ணே சொன்னீங்க? நல்லாவா இருக்கீங்க?"

"பின்ன? மரியாதையாக் கேக்குறாங்க. மூஞ்சிக்கு நேரா இல்லன்னு சொல்ல முடியுமாம்மா?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். விடியற்காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது முடியவில்லை என்று சொன்னவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அடுப்பும் இல்லை. ஆகவே காய்ச்சலோ வாந்தியோ, பேர் எழுதும் கிராணி முன்னால் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு 'நல்லா இருக்கேங்க ஐயா' என்று சொல்லியே அந்த ஜனங்கள் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். தோட்டம் போய் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனையும் வீடமைப்பும் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்த வாய் மட்டும் மாறவில்லை. ஷர்மினியின் கேஸ்களில் பாதி இந்த மரியாதையால்தான் மண்ணைக் கவ்வின.

"அண்ணே, கேளுங்க. சட்டம் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். நோய் இனிமே குணமாகாது. நல்லா இருக்கிற ஒரு ஆளு சம்பாதிக்கிறதுல மூணுல ஒரு பங்குகூட உங்களால இனிமே சம்பாதிக்க முடியாது. அதைத்தான் நீங்க அப்பீல்ல காட்டணும். வெக்கப்படாதீங்க. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க. எங்க, ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்."

பிச்சைமுத்து தொண்டையைச் செருமினார். இருளாயியைப் பார்த்தார். விட்டத்தைப் பார்த்தார். "முடியல... கொஞ்சம்," என்றார்.

"கொஞ்சம் வேணாம்ணே!"

அவர்களை அனுப்பிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தபோது மேசைமேல் இருந்த கோப்பின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. பட்டையான எழுத்தில் அவளே எழுதியது. தலையை ஒருக்களித்து, வலது கண்ணின் ஓரத்தால் பார்த்தபோதுதான் எழுத்து சேர்ந்து வந்தது.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, செய்த வேலை அது. இடது கண் எப்போதோ போய்விட்டது. வலது கண்ணுக்கு இரண்டு வருஷமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் லேசர் வைக்கிறார்கள். உள்ளே ரத்தக்குழாய்கள் மெலிந்து கிடக்கின்றன, எப்போது உடையும் என்று சொல்வதற்கில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். இது அவள் கணவன் விக்னேஸ்வரனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் தெரியாது. அவள் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் அக்கம்பக்கத்து வீடுகளில் தெரியவே தெரியாது. அங்கே ஒருத்திக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் மலையடிவாரம் முழுக்கத் தெரிந்துவிடும்.

கண் போவதற்குள் அவள் ஒரு காரியத்தை முடித்தாக வேண்டும். உடற்குறை உதவிச் சட்டத்தில் சிறப்புச் சான்றிதழ்த் தேர்வு ஒன்று இருக்கிறது. தலைநகரில் ஒரு பயிற்சிக் கழகம் நடத்துகிறது. அதில் தேறிவிட்டால் மேல்முறையீட்டில் தொழிலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பேசலாம். ஜெயபாலனும் வாக்குக் கொடுத்திருந்தார், தேறி வந்தால் அந்த வேலை அவளுக்குத்தான் என்று. கிளார்க் வேலை கண்ணால் செய்கிற வேலை. அந்த வேலை வாயால் செய்கிற வேலை. கண் போனாலும் அதைச் செய்யலாம், சாகிறவரைக்கும் செய்யலாம். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டாள். கேள்வி தெரியாமல் இல்லை. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஒருத்தருக்கு மூன்று வாய்ப்புதான். இது மூன்றாவது.

அன்றைக்கு மத்தியானமே கழகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஜெயபாலன் எதிரில் உட்கார்ந்து ஒரு மனுவைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பேசிய பெண் மலாயில் இனிமையாகக் கேட்டாள். தேர்வு எழுத ஏதாவது உதவி வேண்டுமா? பெரிய எழுத்தில் தாள் தரலாம். வாசித்துக் காட்ட ஆள் தரலாம். கூடுதல் நேரம் தரலாம். இப்போது சொல்வதைத்தான் வாக்குமூலமாகப் பதிவு செய்வோம், யோசித்துச் சொல்லுங்கள்.

ஜெயபாலன் தலையைத் தூக்கி, என்ன என்பதுபோல் பார்த்தார்.

"ஒண்ணும் வேணாம் புவான்," என்று மரியாதையாகச் சொன்னாள் ஷர்மினி. "நான் நல்லாத்தான் இருக்கேன்."

காலையில் பிச்சைமுத்துவை உலுக்கி எடுத்த அதே வாய். போனை வைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று போனின் மேல் கையை வைத்தாள். ஜெயபாலன் நல்ல மனுசன்தான். துரத்திவிட மாட்டார். பாவம் பார்ப்பார். டீ கலக்கச் சொல்லி ஓரமாக உட்கார வைப்பார். அதை நினைத்ததும் கையை எடுத்துவிட்டாள்.

வீட்டில் விக்னேஸ்வரன் கேட்டுவிட்டுக் கொதித்தான். "ஏய் மினி, அவங்களா வந்து கேட்டாங்க. ஆமான்னு சொல்றதுக்கு என்னலா?"

"சார் எதிர்ல இருந்தாரு."

"இருந்தா? அந்தப் பிச்சைமுத்துக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

பதில் இல்லாத இடத்தில் சண்டை போடலாம். இல்லாத இடத்தில் சண்டை போடலாம். போட்டாள். அவன் சாப்பிடாமல் எழுந்து போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "சரி, எந்தப் பக்கம் வாசிக்கணும், கொண்டா," என்றான்.

அவன் சிம்பாங் பூலாயில் கல்லுடைக்கும் மலையில் லோரி ஓட்டுகிறான். கல் ஏற்றும்வரை சும்மா இருக்கும் நேரத்தில் லோரிக்குள் உட்கார்ந்து சட்டப் புத்தகத்தை உரக்க வாசித்துப் பதிவு செய்து அவளுக்கு அனுப்புவான். வாசிப்பதில் ஒரு எழவும் அவனுக்குப் புரியாது. மூச்சு முட்டும் இடத்தில்தான் நிறுத்துவான். 'காப்பீடு செய்யப்பட்ட நபர் என்பவர்' என்று ஆரம்பித்து, நடுவில் "டேய் மச்சான், ரிவர்ஸ் எடுடா, என் கண்ணாடிய இடிச்சிராத," என்று கத்திவிட்டு, விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் வேறொரு பிரிவுக்குப் போய்விடுவான். காதில் போனை மாட்டிக்கொண்டு சமைக்கும்போதும், துணி காயப்போடும்போதும், அவன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து டவுனுக்குப் போகும்போதும் ஷர்மினி அதையே கேட்டாள். கேட்டுக் கேட்டு சட்டம் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது, லோரி ஹார்னோடு சேர்த்து. எந்தப் பிரிவில் அவன் இருமினான் என்றுகூடச் சொல்வாள்.

ஆனால் தேர்வுத் தாளை யாரும் காதில் வந்து சொல்லப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். நாள் நெருங்க நெருங்க அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய கேள்வித்தாள்களை ஜன்னலோரம் வெயிலில் பிடித்துப் படித்துப் பழகினாள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் கண்ணில் நீர் கொட்டியது. கோயிலுக்குப் போனாள். முருகனிடம் தேர்ச்சி வேண்டாம், மூன்று மணி நேரம் மட்டும் பார்வை கொடு என்று கேட்டாள். இவ்வளவு கீழே இறங்கிக் கேட்ட பிறகும் கொடுக்காமல் போய்விடுவானா என்று கோபமும் பட்டுக்கொண்டாள். கண் டாக்டர் பளு தூக்காதே, குனியாதே, பதற்றப்படாதே என்று சொல்லியிருந்தார். பதற்றப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

தேர்வு ஈப்போ டவுனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கல்யாண வரவேற்பு நடக்கிற மண்டபம். அழகுக்காகப் போட்ட மஞ்சள் விளக்கு. உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு அழுகை வந்தது. இந்த வெளிச்சத்தில் மாப்பிள்ளை முகம்கூடத் தெரியாதே, எழுத்து எங்கே தெரியும்?

முதல் பகுதியைச் சமாளித்துவிட்டாள். சின்னச் சின்னக் கேள்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு வார்த்தையைப் பிடித்துவிட்டால் போதும், மீதி தலைக்குள் விக்னேஸ்வரன் குரலில் ஓடியது. எழுதும்போது பழைய தைரியம் திரும்ப வந்தது. தேறிவிடுவேன் என்றே நினைத்தாள். இரண்டாவது பகுதிக்குத் தாளைத் திருப்பினாள். ஒரு தொழிலாளியின் கதையை இரண்டு பக்கத்துக்கு நெருக்கி அச்சடித்திருந்தார்கள். அவன் என்ன வேலை செய்தான், என்ன நோய், டாக்டர்கள் என்ன சொன்னார்கள், அவனுக்குப் பென்ஷன் கிடைக்குமா கிடைக்காதா என்று வாதாட வேண்டும். அவள் மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள்.

குனிந்தபோதுதான் அது நடந்தது. வலது கண்ணுக்குள் மேலிருந்து ஒரு கறுப்பு நூல் இறங்கியது. பிறகு இன்னொன்று. தண்ணீரில் மை விட்டதுபோல் அது சுருண்டு சுருண்டு பரவியது. வலி கொஞ்சமும் இல்லை. கண்ணைக் கசக்கினாள். மூடித் திறந்தாள். தாள் இருந்த இடத்தில் அழுக்குச் சிவப்பாக ஒரு மூட்டம்தான் இருந்தது.

ஐயோ, இப்பவா என்று மனசுக்குள் கத்தினாள். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கியிருக்கக் கூடாதா? கேள்வியை ஊகித்தே எழுதிவிடலாம் என்று பேனாவை எடுத்தாள். பக்கவாதமாக இருக்கும், முதுகாக இருக்கும், எதுவாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குதானே? வேகமாக எழுதினாள். பேனா காகிதத்தை விட்டு மேசையில் ஓடியது விரலுக்குத் தெரிந்தது. எந்த வரியில் எழுதுகிறோம், எழுதியதன் மேலேயே எழுதுகிறோமா என்று தெரியவில்லை. சுற்றிலும் ஆட்கள் தாள் புரட்டும் சத்தம்.

அவள் கையைத் தூக்கினாள்.

மேற்பார்வைக்கு இருந்த மலாய்ப் பெண்மணி பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்ன?"

"எழுத்து தெரியல புவான். கேள்விய மட்டும் யாராவது வாசிச்சுக் காட்டுனாப் போதும். பதில் எனக்குத் தெரியும்."

அந்த அம்மாள் வெளியே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "உதவி வேணாம்னு நீங்க சொன்னது பதிவுல இருக்கு. அதனால இன்னிக்கு வாசிக்க முடியாது. நான் நடந்ததை எழுதணும். இது இப்பதான் வந்ததா, முன்னாலயே இருந்ததா?"

ஷர்மினி பேனாவை மேசையில் வைத்தாள்.

"இப்பதான்னா, தேர்வு நடக்கும்போது உடம்பு சரியில்லாமப் போச்சுன்னு எழுதுவேன். இந்தத் தடவ கணக்குல வராது, அடுத்த தடவ திரும்ப எழுதலாம். முன்னாலயே இருந்ததுன்னா பொய் வாக்குமூலம். இந்தத் தாள் செல்லாது. ஒரு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது." சொல்லிவிட்டு அவள் ஷர்மினியின் கையைத் தொட்டாள். "யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? இப்பத்தான் என்ற ஒரு சொல் போதும். பாதி உண்மையும்கூட. நூல் இறங்கியது இப்போதுதானே? அந்த அம்மாளே வழியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஷர்மினி 'இப்ப' என்று ஆரம்பித்தாள்.

ஆரம்பித்ததோடு நின்றது. டாக்டர் கடிதம் கேட்பார்கள். அதில் இரண்டு வருஷமும் இருக்கும். கட்சிக்காரரின் வாயும் டாக்டரின் காகிதமும் முட்டிக்கொண்டால் அப்புறம் அந்த ஆள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். எத்தனை பேர் கேஸ் அப்படிச் சாய்ந்ததைப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் நம்புகிற வாய் ஒன்றுதான் இனிமேல் அவளுக்கு மிச்சம். அதையும் இங்கேயே விற்றுவிட்டுப் போனால் நாளைக்கு எதை வைத்துக்கொண்டு யாருக்காகப் பேசுவது? அதைவிட, அவளுக்கு அலுத்துவிட்டது. கோப்பைத் தெரிவதுபோல் பார்த்துப் பார்த்து, படிக்கட்டை மனசுக்குள் எண்ணி எண்ணி, எதிரே வருகிறவரைக் குரல் வரும்வரை சிரித்துச் சமாளித்து, அலுத்தே போய்விட்டது.

"ரெண்டு வருஷமா," என்றாள். அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தாள் புரட்டும் சத்தம் நின்றது. "ரெண்டு வருஷமா எனக்குக் கண்ணு சரியாத் தெரியல புவான். பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன்."

பிறகு அத்தனை பேர் நடுவில், வெட்கம் கெட்டு, மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள்.

விக்னேஸ்வரன் அவளை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, ரத்தம் வடிந்தால் கொஞ்சம் நிழல் தெரியலாம், எழுத்துப் படிக்கிற பார்வை இனி வராது என்றார்.

அடுத்த வாரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அலுவலகப் படி ஏறினாள். ஜெயபாலனிடம் விக்னேஸ்வரன் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லியிருந்தான். அவளைக் கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் அதில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஒரு கால் ஆடியது. இத்தனை நாள் இதிலா அவர்களை உட்கார வைத்தோம் என்று நினைத்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா ஷர்மினி."

"சொன்னா வேலை போயிரும்னு நெனச்சேன் சார்."

அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவும் முடியாது. கோப்பு படிக்க முடியாத கிளார்க்கை வைத்து எந்த வக்கீல் ஆபீஸ் நடத்துவார்? கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இலாட் போடுவோம்," என்றார். "நான் பாத்த கேஸ்லயே இதுதான் பலமான கேஸ். டாக்டர் காகிதம் எல்லாம் இருக்கு. சந்தா ஒழுங்காக் கட்டியிருக்க. ஆயுசுக்கும் பென்ஷன். நானே போடுறேன்."

"நீயே சொல்லு மினி, நல்லதுதானே?" என்றான் விக்னேஸ்வரன். அவன் குரல் கெஞ்சியது.

ஜெயபாலன் கேள்விகளை ஆரம்பித்தார். எல்லாம் அவளே கட்சிக்காரர்களுக்காக எழுதி வைத்தவை. படிக்க முடியுமா? முடியாது. எழுத முடியுமா? முடியாது. தனியாக நடந்து வேலைக்கு வர முடியுமா? இப்போதைக்கு முடியாது. ஒவ்வொரு 'முடியாது'வையும் முழுசாகச் சொன்னாள். எல்லாம் உண்மை.

"கடைசிக் கேள்வி. இனிமே என்ன வேலை செய்ய முடியும்?"

இதற்குச் சரியான பதில் என்ன என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை. ஒன்றும் முடியாது. அவ்வளவுதான். சொல்லிவிட்டால் சோற்றுக்குப் பயமில்லை. வீட்டில் உட்கார்ந்து வானொலி கேட்கலாம். விக்னேஸ்வரன் அவள் தோளை மெல்ல அழுத்தினான். சொல்லு என்று அர்த்தம்.

"பேச முடியும் சார்."

ஜெயபாலனின் பேனா நின்றது தெரிந்தது.

"பிச்சைமுத்து அண்ணன் கேஸ் முழுசும் தலைக்குள்ள இருக்கு. சட்டம் முழுசும் இருக்கு. பக்கத்துல உக்காந்து காகிதம் வாசிக்க ஒரு ஆளு இருந்தா என்னால வாதாட முடியும். ஒரு வருஷம் கழிச்சு, வாசிக்க ஆளு வேணும்னு சொல்லியே விண்ணப்பிப்பேன்."

"ஏய், என்ன பேசுற?" என்றான் விக்னேஸ்வரன்.

"அத எழுதினா மூணுல ஒரு பங்கு நிக்காது," என்றார் ஜெயபாலன். "கேஸ் போயிரும். உனக்குத் தெரியாததா?"

"தெரியும் சார்."

"திரும்ப எழுத விடுவாங்களான்னு தெரியாது. மூணு தடவ முடிஞ்சிருச்சு. இங்க உனக்கு வேலை இருக்கும்னும் நான் வாக்குக் குடுக்கல."

"அதுவும் தெரியும் சார். பயமாத்தான் இருக்கு." அவள் இரண்டு கைகளையும் சேர்த்து மடியில் அழுத்திக்கொண்டாள். "ஆனா முடியாததை முடியும்னு சொல்லி இங்க வந்து நிக்கிறேன். இப்ப முடியுறதை முடியாதுன்னு சொல்ல மாட்டேன். எழுதுங்க."

விக்னேஸ்வரன் மூக்கை உறிஞ்சினான். கீழே தெருவில் ஒரு பஸ் நின்று கிளம்பிப் போனது. பிறகு காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. ஒரு வரிதான் இருக்கும். அவர் எதை எழுதினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் சொன்னதையா, இல்லை அவள் நல்லதுக்கு என்று வேறு எதையாவதா?

"என்ன எழுதினீங்கன்னு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க சார்," என்றாள் ஷர்மினி.